கூரையில்லாத கோயிலின் வாசலில்

சித்தப்பாவை நினைத்தால் முதலில் கண்முன் வருவது அவருடைய முகமல்ல, அவருடைய சட்டைப் பை. இடது பக்கம், நெஞ்சுக்கு மேலே, எப்போதும் பிதுங்கிக்கொண்டிருக்கும் பை. பள்ளிக்கூட நாட்களில் அதில் இரண்டு சோக்குக் கட்டியும் ஒரு சிவப்புப் பேனாவும் நாலாக மடித்த கைக்குட்டையும் இருக்கும். எண்பத்தாறாம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் நாங்கள் அயர்லாந்துக்குப் போனபோது அதில் இரண்டு பாஸ்போர்ட்டுகள் இருந்தன. ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது. பையின் வாயை ஊசியால் குத்தி மூடியிருந்தார். பதினேழு வயதுப் பையன்களின் பாஸ்போர்ட்டை அவர்களிடமே கொடுத்துவிட மற்றப் பெற்றோர்களுக்கு மனம் வந்திருந்தது. சித்தப்பாவுக்கு வரவில்லை. நான் அதைப் பெரிய அவமானமாக எடுத்துக்கொண்டு, ஒக்லாந்திலிருந்து டப்ளின் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் அந்த வீம்பைக்கூட என்னால் ரசிக்க முடியவில்லை. வயது போனால் கோபம் குறைகிறது என்கிறார்கள். எனக்கென்னவோ அலுப்புக் கூடியதாகத்தான் தெரிகிறது.

சித்தப்பா என் அப்பாவின் ஒரே தம்பி. எழுபதுகளிலேயே ஒக்லாந்துக்கு வந்து, தெற்குப் பக்கத்தில் அயர்லாந்துத் துறவிகள் நடத்திய ஓர் ஆண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தவர். பாபகூராவில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு மரவீடு. சித்தி, கைக்குழந்தைகளாக இரண்டு பெண்கள். எண்பத்து நான்காம் ஆண்டு தொடக்கத்தில் அப்பா என்னை அவரிடம் அனுப்பிவைத்தார். யாழ்ப்பாணத்தில் என் வயதுப் பையன்கள் ஒன்றில் இராணுவத்தின் கையில் அகப்பட்டார்கள், இல்லாவிட்டால் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு இயக்கத்துக்குப் போனார்கள். அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். நிறுப்பதும் அளப்பதும் அவருக்குப் பழக்கம். இருக்கிற ஒரே மகனை எங்கே வைத்தால் மிஞ்சுவான் என்று நிறுத்துப் பார்த்து, உலகப்படத்தில் கீழே ஒதுங்கிக் கிடந்த இந்த நாட்டுக்கு ஏற்றிவிட்டார். அம்மாவும் தங்கச்சியும் அவரோடு ஊரிலேயே இருந்தார்கள்.

சித்தப்பா என்னை அன்பாக வைத்திருந்தார் என்று சொன்னால் அது முழுப் பொய்யுமல்ல, முழு உண்மையுமல்ல. சோறு போட்டார், சப்பாத்து வாங்கித் தந்தார், வகுப்பில் மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட எனக்கு ஐந்து புள்ளி குறைத்துக் கொடுத்தார். பேச்சு மிகக் குறைவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் விடைத்தாள்களைப் பரப்பினால், சிவப்புப் பேனா தாளில் ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் எங்கள் பள்ளியில் பெயர் போனவர். பள்ளிக்கூடச் சிற்றாலயத்துக்குள் போகவேண்டிய போதெல்லாம், வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு நடப்பார். பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர்களுள் நானும் ஒருவன். ஒருநாள் வீட்டில் வைத்து, வெட்கமாக இருக்கிறது என்று வாய்விட்டே சொன்னேன். பேனாவை நிறுத்தாமலே, “சாமி ஆரின்ரை வீட்டிலை இருந்தாலும் சாமிதான்” என்றார். அன்றைக்கு ஒக்லாந்தில் எங்களுக்கென்று கோயில் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டு முன்னறையில் படங்களை வைத்து, பக்கத்து வீட்டுக்காரர் முறைக்காத அளவுக்குத் தேவாரம் பாடுவோம். அதற்கும் அவர் குளித்துவிட்டுத்தான் வருவார். சாவுத் தீட்டு, எங்கள் பேச்சில் துடக்கு, என்றால் அந்த வீட்டுப் படியேறமாட்டார். சித்தியின் வழியில் யாரோ ஒரு கிழவர் மலேசியாவில் இறந்தபோது, மூன்று நாள் கணக்குப் பார்த்து, காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டு வந்த மனிதர்.

அயர்லாந்துப் பயணம் பிரதரின் கனவு. பிரதர் என்று நாங்கள் கூப்பிட்டது வரலாறு படிப்பித்த துறவியை. சிவந்த கழுத்தும் பெரிய கைகளும் கொண்ட மனிதர், துறவி என்பதைவிடக் கசாப்புக் கடைக்காரர் என்றால் நம்புவார்கள். தான் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் ஆயிரத்துச் சொச்சம் வருடப் பழமையான ஒரு கெல்டிக் மடம் இடிந்து கிடக்கிறது, அதைப் பார்க்காமல் வரலாறு படித்தோம் என்று சொல்லாதீர்கள் என்பார். பன்னிரண்டு பையன்கள் சேர்ந்தார்கள். மே விடுமுறை முழுக்க நான் புக்கெகோஹியில் வெங்காயம் தரம் பிரித்துப் பைகளில் கட்டும் வேலைக்குப் போனேன். கை கழுவினாலும் வெங்காயம், தலை முழுகினாலும் வெங்காயம். கூட வருவதாக இருந்த ஆசிரியர் கடைசி நேரத்தில் காலை முறித்துக்கொள்ள, இரண்டாவது பெரியவராகச் சித்தப்பாவைப் பிடித்துப் போட்டார் பிரதர். சித்தப்பா போனால் சித்தப்பாவோடு போனதாகத்தானே ஆகும் என்று எனக்குப் பாதி உற்சாகம் அன்றே செத்துவிட்டது.

புறப்படும் நாள் காலை. பெட்டிகள் காரில் ஏறியாயிற்று. சித்தி எனக்கு வழியில் தின்ன ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தார். அப்போது நடைவழியில் டெலிபோன் அடித்தது. சித்தப்பா எடுத்தார். கொழும்பு அழைப்பென்பது அவர் கத்திய கத்தலில் விளங்கியது, அந்தக் காலத்தில் கடல் தாண்டிய எல்லாப் பேச்சும் கத்தல்தான். “ஓம்… ஓம், சொல்லுங்கோ” என்றார். பிறகு கத்தல் நின்றது. “எப்ப?” என்றார். நீண்ட நேரம் கழித்து, “சரி, நான் பிறகு எடுக்கிறன்” என்று வைத்தார். நான் ஒரு காலில் சப்பாத்தோடு நின்று, ஆர் எண்டு கேட்டேன். “அங்கை ஒரு கூட்டாளி. விசாக் கதை” என்றார். அடுத்து அவர் சித்தியைக் கூப்பிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெளியே வந்த சித்தி ரோல்ஸை என் பைக்குள் வைக்கவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பிளேனில் பசி வந்தபோது அவரை மனத்துக்குள் திட்டியும் இருக்கிறேன்.

சிங்கப்பூரில் ஆறு மணித்தியாலம் இறங்கியிருந்தோம். பையன்கள் கடை கடையாக ஓட, நான் புறப்பாட்டுப் பலகைக்குக் கீழே நின்று எழுத்துகள் படபடவென்று புரள்வதை வேடிக்கை பார்த்தேன். கொழும்பு என்று ஒரு வரி வந்தது. இரண்டரை வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை ஒரு பலகையில் பார்க்கிறேன். பகிடியாகத்தான் சொன்னேன்: “சித்தப்பா, அங்கை பாருங்கோ. இதிலை ஏறினா பின்னேரத்துக்கிடையிலை கொழும்பு. நாளைக்கு யாழ்ப்பாணம்.” அவர் முகத்தில் ஈயாடவில்லை. கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் ஊசியைத் தடவிப் பார்த்தது. பிறகு, “வா, அங்காலை போய் இருப்பம்” என்று, பலகை தெரியாத ஒரு மூலைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்து அவர் எழும்பவே இல்லை, மூத்திரம் பெய்யப் போனதும் என்னையும் கூட்டிக்கொண்டுதான். வழிநெடுகச் சாப்பாட்டுத் தட்டில் கோழியைத் தொடவில்லை. எந்த ஊரிலும் முகச்சவரம் செய்யவில்லை. லண்டனில் ஒரு கிழமை தங்கியபோது பிரதர் அவருடைய நரைத்த தாடியைப் பார்த்து, நீங்களும் துறவியாகிவிட்டீர்களா என்று கேட்டார். சித்தப்பா சிரித்தார். பயணக் களைப்பு என்று நான் நினைத்தேன். எனக்கே அலுத்துப்போயிருந்தது, பூமியின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்குப் போவதென்றால் சும்மாவா.

மடம் டப்ளினுக்குத் தெற்கே மலைகளுக்கு நடுவில் இருந்தது. ஆகஸ்டில் கோடைகாலம் என்று சொல்லிக் கூட்டிவந்தார்கள். தூறல் பஸ்ஸின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே வந்தது. இறங்கினால் எங்கும் பச்சை, அதற்கு நடுவே சாம்பல் நிறக் கல். வெறும் கல்லால் அடுக்கிய வட்டக் கோபுரம் ஒன்று, தென்னை உயரத்துக்கு மேலே, தலையில் கூம்புத் தொப்பியோடு நின்றது. அதன் வாசல் நிலத்தில் இல்லை, இரண்டு ஆள் உயரத்தில் இருந்தது. கொள்ளைக்காரர் வந்தால் துறவிகள் ஏணியில் ஏறி உள்ளே போய் ஏணியை இழுத்துக்கொள்வார்களாம். மற்றப் பையன்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்கு அது உடனே விளங்கியது. எங்கள் ஊரில் நாங்கள் நிலத்துக்குள் பதுங்குகுழி வெட்டினோம், இவர்கள் மேலே கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சுற்றிலும் கல்லறைகள், வட்டம் போட்ட சிலுவைகள், சாய்ந்தும் புதைந்தும் பாசி பிடித்தும். நடுவில் பெரிய கோயில். கூரை எப்போதோ போய்விட்டது. நான்கு சுவரும் ஒரு வாசலும் மட்டும் மிச்சம். உள்ளே புல் முளைத்து மழை குடித்துக்கொண்டிருந்தது.

பிரதர் வளவின் வாயிலில் இருந்த கல் வளைவுக்குள் எங்களை நிறுத்தி, பக்கச் சுவரில் சிலுவை வெட்டிய ஒரு பெரிய பலகைக் கல்லைக் காட்டினார். இதைத் தாண்டி வந்தவனை அரசன்கூடத் தொடக்கூடாது, கொலைகாரனாக இருந்தாலும் அடைக்கலம், என்றார். சொல்லும்போது அந்தக் கல்லைத் தடவிக்கொண்டே இருந்தார். சொந்த ஊருக்கு முப்பது வருடத்துக்குப் பிறகு வந்திருக்கிறார், பாவம். பையன்கள் சும்மா தலையாட்டி வைத்துவிட்டு அந்தக் கல்லைத் தொட்டுத் தொட்டு உள்ளே ஓடினார்கள். நான் கடைசி. வளைவுக்குள் ஒரு காலை எடுத்து வைத்திருப்பேன், சட்டைக் கையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்தார்கள். திரும்பினால் சித்தப்பா. அவர் வளைவுக்கு வெளியே, சேற்றில், சப்பாத்தோடு நின்றார்.

“நீ உள்ளுக்குப் போகாதை” என்றார்.

ஏன் என்றேன். கால் நோ, நீ என்னோடை நில் என்றார். கால் உங்களுக்குத்தானே நோ, எனக்கென்ன என்று சொல்லிக் கையை இழுத்தேன். விடவில்லை. நான் அவரைப் பார்த்தேன். எங்கே எந்தச் சாமி இருந்தாலும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு முதல் ஆளாய் நுழைகிற மனிதர், ஆயிரம் வருடக் கோயிலுக்கு முன்னால் வந்து, வாசலுக்கு அப்பால் நிற்கிறார். தாடி வளர்ந்திருக்கிறது. பத்து நாளாக மச்சம் மாமிசம் தொடவில்லை. அவர் காரிலேயே உட்கார்ந்திருந்த அந்த வெள்ளிக்கிழமை எனக்கு ஞாபகம் வந்தது. துடக்கு. அவருக்குத் துடக்கு என்றால் சரி, அது சித்தி வழியில் யாராகவும் இருக்கலாம். ஆனால் என்னையும் அல்லவா மறிக்கிறார். அவருக்கும் எனக்கும் ஒன்றாகத் துடக்கு வரக்கூடிய வழி உலகத்தில் ஒன்றுதான் இருந்தது, அப்பா வழி. அந்த வழியில் ஆட்களும் அதிகமில்லை.

“ஆர் சித்தப்பா?”

மழை அவர் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு அவர் சொன்னது எனக்குச் சொன்னது போலவே இல்லை.

“என்ரை அண்ணை” என்றார்.

டெலிபோன், விமான நிலையங்கள், பலகை, ஹோட்டல் அறைகள் எல்லாவற்றையும் பொய் சொல்லித் தாண்டி வந்தவர். இன்னும் ஒரு வாரம் தாண்டினால் ஒக்லாந்து. கூரையில்லாத, விளக்கில்லாத, பூசையில்லாத, எங்களுடையதுமல்லாத ஒரு கோயிலின் வாசலில் அவரால் முடியவில்லை. என்னிடம் மறைக்கலாம் என்று துணிந்தவருக்கு, துடக்கோடு என்னைச் சாமியிடம் அனுப்பத் துணிவு வரவில்லை. கணக்கு வாத்தியார் விட்ட ஒரே பிழை அது.

மதில் ஓரத்தில் உட்கார்ந்து மிச்சத்தைச் சொன்னார். அப்பாவுக்கு நெஞ்சு நோ வந்திருக்கிறது. ஊரடங்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கார்க்காரர் வர மாட்டேன் என்றிருக்கிறார். விடிவதற்குள் போய்விட்டார். அடுத்த நாளே எடுத்தாயிற்று. கொள்ளி வைத்தது மாமியின் மகன். சேதி கொழும்புக்கு வந்து சேரவே ஆறு நாள். ஒரே மகன் நான் உயிரோடு, வெங்காயம் கட்டிய கையோடு, பெட்டி அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். என் அப்பாவுக்கு நெருப்பு வைத்தது இன்னொருவன். அது எனக்குத் தாங்கவில்லை. அழுகை வரவில்லை, கோபம் வந்தது.

கத்தினேன். அவரைப் பொய்யர் என்றேன், வேறு வார்த்தைகளும் சொன்னேன். முப்பத்தோராம் நாள் இன்னும் வரவில்லை, அந்தியேட்டிக் கிரியைக்காவது போவேன், பாஸ்போர்ட்டைத் தாருங்கள் என்றேன். சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டைப் பையின் ஊசியைக் கழற்ற முயன்றார். விரல் விறைத்துப்போய் ஊசி மசியவில்லை. கடைசியில் பை கிழிய இழுத்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இந்தா. நீ போறதெண்டாப் போ. என்னாலை இனி மறிக்கேலாது” என்றார். “ஆனா ஒண்டு கேள். அண்ணை என்னட்டை வாக்கு வாங்கினவர். என்ன நடந்தாலும், எனக்கே என்ன நடந்தாலும், பெடியனை அனுப்பிப் போடாதை எண்டு. கடைசியா எழுதின கடிதத்திலையும் அதைத்தான் எழுதினவர்.”

நான் பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டு நடந்தேன். ஏரிக்கரையோடு ஒரு பாதை போனது, அதில் போனேன். எங்கே போகிறேன் என்று தெரியாது. பஸ் எந்தப் பக்கம், டப்ளின் எந்தப் பக்கம், டிக்கெட்டுக்கு என்ன வழி, ஒன்றும் தெரியாது. ஆனால் வழி தெரியாததால் நான் நிற்கவில்லை. அந்த வயதில் வழியென்ன, நடந்தே போயிருப்பேன். என்னை நிறுத்தியது அந்தக் கடிதம். எனக்கே என்ன நடந்தாலும் என்று அப்பா எழுதியிருக்கிறார். சங்கக்கடைத் தராசு மாதிரி அவர் எல்லாவற்றையும் நிறுத்து, தன் சாவையும் ஒரு தட்டில் வைத்துப் பார்த்து, மற்றத் தட்டில் என்னை வைத்திருக்கிறார். அப்படியென்றால் கொள்ளி வைக்க வராமலிருப்பதுதான் மகன் செய்யவேண்டிய கிரியை. அப்படித்தான் நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஏரியின் நுனியில் ஒரு கல்லில் குந்தியிருந்து, வாய்விட்டு அழுதேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நாயோடு வந்து, என்னைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கடந்து போனார்.

திரும்பி வந்தபோது சித்தப்பா அதே மதிலில், மழையில், வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எத்தனை இரவு தூங்காமலிருந்தாரோ. கிழிந்த பை தொங்கிக்கொண்டிருந்தது. பிரதர் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார், பெரிய உடம்பெல்லாம் நனைய, குடை முழுக்கச் சித்தப்பாவின் தலைக்கு மேலே. அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. என் தலையில் கையை வைத்தார். நான் பாஸ்போர்ட்டைச் சித்தப்பாவின் மடியில் வைத்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினேன். பயணத்தின் மிச்ச நாட்களில் இரண்டு பேரும் எந்தக் கோயிலுக்குள்ளும் போகவில்லை. பையன்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை வெளியே நின்றோம். அயர்லாந்தில் கோயில்களுக்குக் குறைவில்லை. நின்று நின்று கால் கடுத்தது.

வீட்டுக்கு வந்ததும் கடிதத்தைக் கேட்டேன். அப்பாவின் கையெழுத்தை ஒருதரம் பார்த்தால் போதும் என்றிருந்தது. தேடிப் பார்த்தேன், காணவில்லை என்றார் சித்தப்பா. எதையும் தேதிவாரியாகக் கோத்து வைக்கும் மனிதர். எனக்கு அப்போது சந்தேகம் வரவில்லை, வரவேண்டும் என்று விரும்பவுமில்லை. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்த வருடத்தைக் கடந்தேன், பரீட்சை எழுதினேன், மருந்தாளர் படிப்புக்குப் போனேன். எங்கள் வீட்டு ஒழுங்கையில், அந்தச் சந்தில், என்னோடு பந்தடித்த ஏழு பேரில் ஆறு பேர் அடுத்த நாலைந்து வருடத்துக்குள் இல்லாமல் போனார்கள். ஒவ்வொரு சேதி வரும்போதும், அப்பா முன்கூட்டியே கண்டுவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். அவர்மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. நாலு வருடம் கழித்து அம்மாவும் தங்கச்சியும் வந்து சேர்ந்தார்கள். அம்மா அடிக்கடி சொல்வார்: “கொப்பர் கடைசிக் காலத்திலை உன்னை ஒருக்காப் பாக்கவேணும், ஒருக்காப் பாக்கவேணுமெண்டு அரிச்சுக்கொண்டே இருந்தவர்.” ஆசை வேறு, அழைப்பது வேறு என்று நான் விளக்கம் சொல்லிக்கொண்டேன். அம்மா போய்விட்டார். ஊரில் எங்களுக்கு யாரும் இல்லை. சண்டை முடிந்து சனங்கள் கூட்டமாகப் போய்வந்தார்கள், நான் போகவில்லை. அப்பா அனுப்பாதே என்று சொன்ன இடத்துக்கு எதற்கு என்று ஒரு சாட்டு. உண்மையில் எரித்த இடத்தில் போய் நின்று பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

சித்தப்பா இப்போது மாசி என்ற புறநகரில் மூத்த மகள் வீட்டில் இருக்கிறார். சித்தி போய் ஏழு வருடம். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பாபகூராவிலிருந்து காரோட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. கிழமை முழுக்கப் பார்மசியில் நின்ற கால், ஞாயிற்றுக்கிழமையும் பிரேக்கில். போகத்தான் வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் தோன்றும், ஒவ்வொரு முறையும் போவேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது. காது பரவாயில்லை. பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்பதற்குத் தமிழில் பதில் சொல்வார். அவர்கள் விளங்கியதோ இல்லையோ, ஓகே தாத்தா என்று ஓடிவிடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். பேச்சு அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் இப்போது அந்த மௌனம் உறுத்துவதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு. என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான சேதியைச் சொல்லப் போயிருந்தேன். கேட்டுத் தலையசைத்தார். மாப்பிள்ளை என்ன வேலை, எந்த ஊர் ஆட்கள் என்று எல்லாம் விசாரித்தார். வீட்டுக் கடன் முழுக்கக் கட்டி முடித்தாயிற்றா, உனக்குப் பிரஷர் எப்படி, மகனுக்கு வேலை நிரந்தரமா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். இவ்வளவு கேள்வி அவர் என்னை ஒருநாளும் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைத் தடவித் தடவி மேசையில் வைத்தார்.

“அந்தக் கடிதம்” என்றார். “அண்ணை எழுதினது. நான் சொன்ன மாதிரி அதிலை இல்லை.”

எந்தக் கடிதம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே இருந்தது ஒரே கடிதம்.

“சுகமில்லை, பெடியனை ஒருக்காப் பாக்கவேணும் போலை கிடக்கு, பள்ளிக்கூட விடுதலைக்கு அனுப்பி வை எண்டுதான் எழுதினவர். மே மாதமே வந்தது. உனக்குக் காட்டேல்லை. பிறகு கிழிச்சுப்போட்டன்.”

மே மாதம். நான் புக்கெகோஹியில் வெங்காயம் கட்டிக்கொண்டிருந்த மாதம். அப்பா கூப்பிட்டிருக்கிறார். நான் போயிருக்கலாம், அவரைப் பார்த்திருக்கலாம், கொள்ளி வைத்திருக்கலாம். பிறகு ஒழுங்கைப் பையன்களில் ஏழாவதாக நானும் போயிருக்கலாம். முப்பத்தெட்டு வருடமாக நான் அப்பாவுடையது என்று நினைத்துக் கும்பிட்ட வாக்கியம் இந்தக் கிழவர் மழையில் மதிலில் இருந்து உண்டாக்கியது. கோபம் வரும் என்று காத்திருந்தேன். அன்றைக்கு வந்த கோபத்தில் கொஞ்சமாவது வரவேண்டுமே. வெளியே பேரன் பந்தை வேலியில் அடித்துக்கொண்டிருந்தான். என் கைகள் மடியில் கிடந்தன, தூக்க முடியாத களைப்போடு.

“இவ்வளவு காலமும் சொல்லேல்லை. இப்ப ஏன் சொல்லுறியள்?” என்று கேட்டேன்.

அவர் மங்கிய கண்ணால் என் குரல் வந்த பக்கம் பார்த்தார்.

“இனி நீ போகமாட்டாய்தானே” என்றார்.